பழைய வேனை வாங்கி நடமாடும் கேன்டீன் ஆக்குவது எப்படி?

இந்த வேலையில் பணம் கரைவது பெரும்பாலும் வரிசை மாறுவதால்தான். வண்டியை வாங்கிய கையோடு நேராக வெல்டிங் பட்டறைக்கு ஓட்டிப் போகிறார்கள். பக்கத் தகட்டை அறுத்து ஜன்னல் வைத்து, அடுப்பு மாட்டி, பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) இன்னும் 'சரக்கு வண்டி' என்றே இருப்பது உறைக்கிறது. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) கொண்டுபோனால் பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்புவார். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். முதலில் காகிதம், அடுத்து எடைக் கணக்கு, கடைசியில்தான் கட்டர் மெஷின். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டில் டாடா ஏஸ், பொலேரோ பிக்அப், டெம்போ டிராவலர் போன்ற வண்டிகளை வைத்துத் தொடங்குபவர்களுக்காக எழுதியது இது.

1. என்ன விற்கப் போகிறீர்கள் என்பதை வைத்து வண்டியைத் தேர்வு செய்யுங்கள்

டீ, ஜூஸ், சுண்டல், சாண்ட்விச் என்றால் ஏஸ் போதும். பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி சுமார் 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். இரண்டடி மேடை, இரண்டடி நடைபாதை, எதிர்ப்பக்கம் ஒரு குறுகிய அலமாரி, அவ்வளவுதான் இடம். ஒருவர் தாராளமாக வேலை செய்யலாம், இருவர் என்றால் தோள் இடிக்கும். தோசைக்கல், புரோட்டாக்கல், பிரியாணி அண்டா என்று போனால் பொலேரோ பிக்அப் அளவுக்குக் கீழே யோசிக்க வேண்டாம். டிராவலரில் கூரையும் சுவரும் ஏற்கனவே இருப்பதால் பாடி செலவு குறையும். ஆனால் உயரக் கூரை இல்லாத மாடலில் நாள் முழுக்கக் குனிந்து நின்று சமைக்க வேண்டிவரும். வாங்குமுன் உள்ளே நிமிர்ந்து நின்று பாருங்கள். செருப்போடு உங்கள் உயரத்துக்கு மேல் நான்கு விரல் இடமாவது வேண்டும்.

இன்ஜின் வகையையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று சைலன்சர் பாதையில் இருக்கிறது. வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடினால்தான் அது சூடாகித் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். கேன்டீன் வண்டி காலையில் மூன்று கிலோமீட்டர், ராத்திரி மூன்று கிலோமீட்டர்தான் ஓடும். அந்த ஓட்டத்துக்கு வடிகட்டி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும், இன்ஜின் இழுக்காது. தினசரி ஓட்டம் குறைவு என்றால் பெட்ரோல் அல்லது சி.என்.ஜி. வண்டி நல்லது. அது கிடைக்காவிட்டால் நல்ல நிலையில் உள்ள பி.எஸ்.4 டீசலைப் பாருங்கள்.

2. வண்டியைப் பார்க்கும் முன் நம்பரைப் பாருங்கள்

எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ் காலாவதி, வண்டி வகை, கடன் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். இ-சலான் தளத்தில் நிலுவை அபராதம் தெரியும். இதைப் பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கவனிக்க வேண்டியவை:

- எச்.பி. பதிவு (வண்டிமேல் கடன் இருப்பதாக ஆர்.சி.யில் உள்ள குறிப்பு): கடன் முடிந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. ஃபைனான்ஸ் நிறுவனத்தின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) கையெழுத்திட்ட படிவம் 35-உம் (கடன் முடிந்த அறிவிப்பு) வேண்டும். அவற்றைக் காட்டி ஆர்.சி.யில் எச்.பி. நீக்கிய பிறகே முழுத்தொகை.
- ஓப்பன் ஃபார்ம்: ஆர்.சி.யில் இருப்பவர் ஒருவர், விற்பவர் வேறொருவர், கையில் முன்பே கையெழுத்து வாங்கிய பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30. இடைத்தரகர்களிடம் இது சர்வசாதாரணம். ஆர்.சி. உரிமையாளரின் கைபேசிக்கு ஓ.டி.பி. போகும் நாளில் அவர் போனை எடுக்காவிட்டால் உங்கள் பெயர் மாற்றம் அங்கேயே நின்றுவிடும். ஆர்.சி.யில் உள்ளவரை நேரில் பார்க்காமல் வாங்க வேண்டாம்.
- பி.ஒய். வண்டி: புதுச்சேரிப் பதிவு வண்டி மலிவாகத் தெரியும். வெளி மாநில வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். வரியும் இங்கே கட்ட வேண்டும். அதையும் சேர்த்து விலை பேசுங்கள்.
- பழைய அரசு வண்டி: ஆம்புலன்ஸ் பாடி கேன்டீனுக்கு வசதி என்று ஆசைப்படுவார்கள். 15 வயது கடந்த அரசு வாகனங்களின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்க முடியாது. ரோட்டில் ஓட்டவே முடியாத வண்டியாகக் கையில் நிற்கும்.
- வயது: வணிக வண்டிக்கு 8 வயதுவரை 2 ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி., அதன்பின் ஆண்டுதோறும். 15 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2022 ஏப்ரலில் எஃப்.சி. கட்டணம் பல மடங்கு ஏறியது. பாடிக்கு லட்சக்கணக்கில் போடப் போகிறீர்கள் என்பதால் 8 வயதுக்குள் உள்ள வண்டியே கணக்குக்குச் சரிவரும்.

3. நேரில் பார்க்கும்போது

காலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போங்கள். நீங்கள் வருமுன்னே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் செய்ததும் வரும் புகையைக் கவனியுங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் முழுதாக எரியவில்லை. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படலாம். இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதே துளைமேல் தலைகீழாக வையுங்கள். மூடி லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜின் வேலை வரும்.

பிறகு அடியில் குனியுங்கள். மீன், உப்பு, காய்கறி ஏற்றிய வண்டிகளில் தொட்டிக்குக் கீழே சேஸியும் (வண்டியின் அடிச்சட்டம்) குறுக்குச் சட்டங்களும் துருப்பிடித்திருக்கும். புது பெயின்ட் அடித்திருந்தால் ஸ்க்ரூ டிரைவர் முனையால் தட்டுங்கள். 'டங்' என்று கேட்டால் இரும்பு நன்றாக இருக்கிறது. 'பொத்' என்று கேட்டாலோ செதில் உதிர்ந்தாலோ விட்டுவிடுங்கள். அந்தச் சட்டத்தின்மேல்தான் உங்கள் சமையலறை முழுதும் உட்காரப் போகிறது. பின் பட்டை ஸ்பிரிங்கில் விரிசலோ, கூடுதலாகச் செருகிய பட்டையோ இருந்தால் அந்த வண்டி அளவுக்கு மீறிப் பாரம் சுமந்தது என்று அர்த்தம்.

சேஸி எண்ணைத் துணியால் துடைத்து, மேலே வெள்ளைத் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். ஓர் எழுத்தாவது மங்கலாகவோ வரிசை பிசகியோ இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேள்வி வரும். அதை விற்பவர் காலத்திலேயே தீர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

4. பணமும் பெயர் மாற்றமும்

அட்வான்ஸைக் குறைவாகக் கொடுங்கள். மீதியை வங்கி வழியாக, ஆர்.சி.யில் உள்ளவர் கணக்குக்கே அனுப்புங்கள். டெலிவரி ரசீதில் தேதியோடு நேரமும் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அன்று மதியம் ஒரு விபத்து நடந்தால் வண்டி யார் கையில் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, அசல் ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., புகைச் சான்று, வரி ரசீது, இருவரின் முகவரிச் சான்று ஆகியவை தேவை. வண்டி வெளி மாநிலத்தது என்றால் படிவம் 28-இல் என்.ஓ.சி.யும் வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றவும் 14 நாள்தான். பெரும்பாலானோர் மறப்பது இதைத்தான், ஆர்.சி. கைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

5. அறுக்கும் முன் அனுமதி

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும் அளவுக்கு வண்டியை மாற்ற முன்அனுமதி வேண்டும். போக்குவரத்து வாகன வகைகளில் 'மொபைல் கேன்டீன்' என்று தனி வகையே இருக்கிறது. மொபைல் ஒர்க்‌ஷாப், நூலக வேன் எல்லாம்கூட உண்டு. ஆக, மாட்டார்கள் என்று பயந்து ஒளித்துச் செய்ய வேண்டிய வேலை அல்ல இது. உங்கள் பெயருக்கு ஆர்.சி. வந்ததும் பதிவு செய்யும் அதிகாரிக்கு மனு கொடுங்கள். கூடவே பாடி கட்டுபவரின் லெட்டர்ஹெட்டில் வரைபடம் வையுங்கள். பக்கத் தோற்றம், பின் தோற்றம், மேல் தோற்றம், மொத்த நீள அகல உயரம், அடுப்பும் சிலிண்டரும் இருக்கும் இடம் எல்லாம் அதில் இருக்கட்டும். வண்டியின் மேல் கடன் இருந்தால் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும்.

வரைபடத்தில் இரண்டு அளவுகளை மீறாதீர்கள். மொத்த அகலம் 2.6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. மடித்த ஷட்டரும் அதற்குள்தான் அடங்க வேண்டும். பின் அச்சுக்குப் பின்னால் நீளும் பகுதி வீல்பேஸில் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஏஸின் வீல்பேஸ் 2,100 மி.மீ. என்பதால் எல்லை 1,260 மி.மீ. இன்னும் ஓர் அடி இழுத்துக் கட்டித் தருகிறேன் என்று பட்டறைக்காரர் ஆசை காட்டுவது இந்த இடத்தில்தான்.

6. எடைக் கணக்கு

ஏஸ் சுமார் முக்கால் டன் சுமக்கும். கேன்டீன் என்றால் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்: சட்டமும் தகடும் 225 கிலோ, ஸ்டீல் மேடையும் அடுப்பும் 120, நிரம்பிய 19 கிலோ சிலிண்டர் இரண்டு (கூடு எடையும் சேர்த்து) 70, தண்ணீர் 60, குளிர்ப்பெட்டி 45, பேட்டரியும் இன்வெர்ட்டரும் 60, மாவு, அரிசி, எண்ணெய் 80, ஆள் இருவர் 130. மொத்தம் 790. பழைய தொட்டியைக் கழற்றினால் கொஞ்சம் மீளும், ஆனாலும் கையிருப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் ஏஸில் கிரானைட் மேடை வைக்காதீர்கள் என்கிறோம். பிரேக் பிடிக்காமல் போவதும் பின் டயர் வெடிப்பதும் இந்தக் கணக்கைப் போடாத வண்டிகளில்தான்.

சிலிண்டர், தண்ணீர், பேட்டரி மூன்றையும் ஒரே பக்கம் வைத்தால் வண்டி சாயும். அடுப்பு இடப்பக்கம் என்றால் தண்ணீரும் பேட்டரியும் வலப்பக்கம், முடிந்தவரை தரையோடு. பாடி முடிந்ததும் எல்லாவற்றையும் நிரப்பி எடைமேடையில் முழு வண்டியை ஒருமுறையும், பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறையும் எடை பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டியிருந்தால் பெயின்டுக்கு முன்னாலேயே எதையாவது இறக்கிவிடலாம்.

7. பாடி கட்டும்போது

விற்பனை ஜன்னல் வண்டியின் இடப்பக்கம். நாம் சாலையின் இடப்பக்கம் நிறுத்துகிறோம், வாங்க வருபவர் நடைபாதையில் நிற்க வேண்டும். வலப்பக்கம் ஜன்னல் வைத்தால் குழந்தையோடு வருபவர்கள் பஸ் போகும் பாதையில் நிற்பார்கள்.

அடுத்தது உயரம். இதில் தவறாத புது வண்டி குறைவு. வண்டியின் தரைத்தளம் ரோட்டிலிருந்து சுமார் இரண்டரை அடி. உள்ளே நிற்பவருக்கு வசதியான மேடை ஏறக்குறைய மூன்றடி. கூட்டினால் ஐந்தரை அடி. அந்த உயரத்தில் தட்டை நீட்டினால் வெளியே நிற்பவருக்கு மூக்குக்கு நேரே சாம்பார் வரும். அதனால் ஜன்னலுக்கு வெளியே, ரோட்டிலிருந்து மூன்றரை அடி உயரத்தில், கீலில் மடிகிற தனிப் பலகை ஒன்று வையுங்கள். உள்ளிருந்து அதில் இறக்கிவைத்தால் போதும். ஓடும்போது அது மடிந்து கொக்கியில் பூட்டிக்கொள்ள வேண்டும்.

சட்டத்துக்கு ஒரு அங்குலச் சதுரக் குழாய் போதும். தரைக்கு அலுமினியம் செக்கர் தகடு. கால் வழுக்காது, கழுவலாம். தண்ணீரும் புளியும் உப்பும் படும் இடமெல்லாம் 304 தர ஸ்டீல் போடுங்கள். 202 பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் துருப்புள்ளி விழும். பில்லில் தரத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். அழகுக்காக ஏ.சி.பி. ஷீட் (இருபுறமும் மெல்லிய அலுமினியம் உள்ள பலகை) ஒட்டுவார்கள். சாதாரண ஏ.சி.பி.யின் நடுவில் இருப்பது பிளாஸ்டிக், அது எரியும். அடுப்புச் சுவருக்கு ஸ்டீல் தகடு, பின்னால் ராக்வூல் (எரியாத கனிமப் பஞ்சு). தெர்மோகோல் வேண்டவே வேண்டாம்.

பெயின்டுக்கு முன் கூரைமேல் அரை மணி நேரம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். எக்ஸாஸ்ட் புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடத்தில்தான் முதல் ஒழுகல் வரும்.

8. கேஸ்

நீல நிற 19 கிலோ வணிக சிலிண்டர் மட்டும். வீட்டுச் சிலிண்டர் பிடிபட்டால் பறிமுதல் ஆகும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே சிலிண்டருக்கு வெளியிலிருந்து திறக்கும் தனி அறை, சமையல் பகுதிக்கும் அதற்கும் நடுவே இடைவெளி இல்லாத தகடு, அறையின் அடித்தட்டிலேயே கைவிரல் நுழையும் அளவில் காற்றுத் துளைகள், எலி நுழையாமல் வலை. மேலே மட்டும் துளை வைத்தால் பயனே இல்லை.

சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், பட்டையால் இறுக்கியிருக்க வேண்டும். சாய்த்துப் போட்டால் ரெகுலேட்டர் வழியே திரவம் வரும். உள்ளே உலோகக் குழாய் ஓடட்டும், இரு முனையிலும் மட்டும் குட்டையான சுரக்‌ஷா ஹோஸ் (கம்பி வலை பொதிந்த கேஸ் ரப்பர் குழாய்). அந்த ஹோஸை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஓடும் வண்டியில் இணைப்புகள் அதிர்ந்து தளரும் என்பதால் வாரம் ஒருமுறை சோப்பு நுரை வைத்துப் பாருங்கள். வண்டி நகரும்போது சிலிண்டர் வால்வு மூடியே இருக்க வேண்டும்.

தீயணைப்பான் ஏ.பி.சி. பவுடர் வகை ஒன்று கட்டாயம். எண்ணெய்ச் சட்டி இருந்தால் சமையல் எண்ணெய்த் தீக்கான கே வகை ஒன்றும் சேர்த்து. அடுப்புக்கு மேலே மாட்டாதீர்கள். தீப்பிடித்தால் கை எட்டாது. கதவுப் பக்கம் மாட்டுங்கள்.

9. கரன்ட்

150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) 12 வோல்ட் பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி. சாதாரண டியூப்லர் பேட்டரியில் பாதியைத்தான் தினமும் எடுக்கலாம், அதாவது 900. பத்து வாட் விளக்கு ஐந்து, ஆறு மணி நேரம்: 300. எக்ஸாஸ்ட் ஃபேன் 50 வாட், ஆறு மணி நேரம்: 300. 750 வாட் மிக்ஸி இருபது நிமிடம்: 250. மொத்தம் 850, இதோடு சரி. டீப் ஃப்ரீசருக்கு இதில் இடமில்லை. ஐஸ் போட்ட கனமான பெட்டிதான் முதல் வருடத்துக்குப் போதுமானது.

1,000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 100 ஆம்பியர் இழுக்கும். வீட்டு ஒயர் உருகிவிடும். 25 முதல் 35 சதுர மி.மீ. செம்பு கேபிள், பேட்டரி முனையை ஒட்டியே ஃப்யூஸ். வண்டியின் சொந்த பேட்டரியில் எதையும் மாட்டாதீர்கள். ராத்திரி கடை மூடும்போது ஸ்டார்ட் ஆகாது.

10. மீதிக் காகிதங்கள்

மாற்றம் முடிந்த 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு தெரிவித்து, வண்டியைக் காட்டி, வகையை மாற்றி, புது எஃப்.சி. வாங்குங்கள். உடனே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுதி பாலிசியில் வகையை மாற்றுங்கள். சமையல் சாதனங்களுக்கும் தீ விபத்துக்கும் பாதுகாப்பு உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபாஸ்காஸ் (FoSCoS) தளத்தில். நடமாடும் விற்பனையாளருக்கான பிரிவைத் தேர்ந்தெடுங்கள். புகைப்படம், அடையாளச் சான்று, தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, வேலை செய்பவர்களின் மருத்துவச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். 14 இலக்க எண் வந்ததும் ஜன்னல் பக்கம் பெரிதாக எழுதுங்கள்.

நிறுத்தும் இடம் தனி விஷயம். ஆர்.சி., எஃப்.சி. எல்லாம் சரியாக இருந்தாலும் சாலையோரத்தில் விற்க அது உரிமை தராது. 2014 சாலையோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு வழியாக உள்ளாட்சியில் அடையாள அட்டையும் சான்றும் கேளுங்கள். அது வரும்வரை பெட்ரோல் பங்க், கம்பெனி வளாகம், காலி மனை போன்ற தனியார் இடத்தில் மாத வாடகைக்குப் பேசி, ஒப்பந்தம் எழுதிக்கொள்வது நிம்மதி. ஓட்டுநருக்கு எல்.எம்.வி. (இலகுரக வாகன) உரிமம் போதும், 7,500 கிலோவரையான போக்குவரத்து வண்டிக்கு அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது.

11. பணமும் நாட்களும்

தோராயமாகச் சொன்னால் 7, 8 வயது ஏஸ் 2 முதல் 3 லட்சம். பாடியும் சமையலறையும் சேர்ந்து அதே அளவு அல்லது சற்று மேலே. மின் வேலை 40 முதல் 60 ஆயிரம். வரி, இன்சூரன்ஸ், எஃப்.சி. போன்றவற்றுக்கு இன்னொரு 50 ஆயிரம் ஒதுக்குங்கள். பட்டறைக்குப் பணத்தை நான்கு தவணையாகப் பிரியுங்கள்: தொடக்கம், சட்டம் முடிந்ததும், தண்ணீர் சோதனை முடிந்ததும், எஃப்.சி. கிடைத்ததும். கடைசித் தவணை கால் பங்குக்குக் குறையக் கூடாது. முழுப் பணமும் போன பட்டறையில் உங்கள் வண்டி ஓரமாகத்தான் நிற்கும்.

கடன் நீக்கமும் பெயர் மாற்றமும் ஒரு மாதம், அனுமதி இரண்டு மூன்று வாரம், பாடி ஆறு வாரம், எஃப்.சி.யும் மற்றவையும் இரண்டு வாரம். நான்கு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயின்ட் காயாது, வியாபாரமும் நடக்காது. தை மாதம் கடை திறக்க வேண்டும் என்றால் ஆவணியிலேயே வண்டி தேடத் தொடங்கியிருக்க வேண்டும்.

12. முதல் 500 கிலோமீட்டர்

புது பாடியின் போல்ட்டுகள் எல்லாம் தளரும். முதல் வாரம் முடிந்ததும் பாடியைச் சேஸியோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளை முழு எடையோடு வண்டி நிற்கும்போது இறுக்குங்கள். காலியாக இருக்கும்போது இறுக்கினால் மறுபடி தளரும். கேஸ் இணைப்புகள், பேட்டரி முனைகள், அலமாரிக் கொக்கிகள், மடிப்புப் பலகையின் கீல் எல்லாவற்றையும் அன்றே பாருங்கள். பின் டயர்கள் உள்பக்கம் அதிகம் தேய்ந்திருந்தால் எடைமேடைக்கு இன்னொரு முறை போய்வாருங்கள்.